தாய்ச்சி: எதில் வெல்கிறது, எதில் தோற்கிறது

1990-களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் உள்ள எமரி பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் உல்ஃப் என்ற ஆய்வாளரின் குழு, 70 வயதைத் தொட்டவர்களும் தாண்டியவர்களுமாக 200 பேரை மூன்று பிரிவாகப் பிரித்தது. முதல் பிரிவினர் கணினியோடு இணைத்த ஒரு மேடையில் நின்று சமநிலைப் பயிற்சி செய்தார்கள். இரண்டாவது பிரிவினர் கூடி உட்கார்ந்து உடல்நலம் பற்றிப் பேசிவிட்டுப் போனார்கள். மூன்றாவது பிரிவுக்கு டிங்சென் சூ என்பவர் தாய்ச்சி கற்றுக்கொடுத்தார். 108 அசைவுகள் கொண்ட பழைய வரிசையை முதியவர்களுக்காகப் பத்தாகச் சுருக்கியிருந்தார்கள். மொத்தம் 15 வாரப் பயிற்சி. 1996-இல் முடிவு வெளியானது. திரும்பத் திரும்ப விழும் அபாயம் தாய்ச்சிப் பிரிவில் 47.5 சதவீதம் குறைந்திருந்தது.

அந்த ஆய்வில் இன்னொரு செய்தியும் இருந்தது. மேடையில் நிற்கவைத்து உடல் எவ்வளவு ஆடுகிறது என்று அளந்தபோது, முன்னைவிட அசையாமல் நின்றவர்கள் கணினிப் பயிற்சி பெற்றவர்கள்தான். தாய்ச்சி பழகியவர்களின் ஆட்டம் பெரிதாகக் குறையவில்லை. ஆனால் வீட்டிலும் தெருவிலும் விழாமல் தப்பியவர்கள் அவர்கள்தான். விழுந்துவிடுவோமோ என்ற பயம் குறைந்ததும் அவர்களுக்குத்தான். ஆடாமல் நிற்பது வேறு திறமை, ஆடினாலும் சமாளித்துக்கொள்வது வேறு திறமை என்பது அங்கே தெரியவந்தது.

அதற்குப் பிறகு தாய்ச்சியைப் பற்றி நூற்றுக்கணக்கான ஆய்வுகள் வந்துவிட்டன. மூட்டுவலி, பார்க்கின்சன், ரத்த அழுத்தம், சர்க்கரை, இதயப் பலவீனம், தூக்கமின்மை என்று எந்த நாள்பட்ட நோயின் பெயரைச் சொன்னாலும், தாய்ச்சி நல்லது என்று சொல்லும் ஓர் ஆய்வையாவது எடுத்துக் காட்டிவிடலாம். வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகள் அதைத்தான் செய்கின்றன. அவற்றில் விடுபடுவது ஒரு கேள்வி: எதோடு ஒப்பிட்டு நல்லது? சும்மா உட்கார்ந்திருப்பதோடு ஒப்பிட்டால் எந்தப் பயிற்சியும் ஜெயித்துவிடும். தாய்ச்சியின் எதிரே யாரை நிறுத்தினார்கள் என்று பார்த்தால்தான் அதன் உண்மையான எடை தெரியும். இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு முக்கியமான ஆய்வுகளை வாசிக்கிறது.

அதற்கு முன் தாய்ச்சியின் பிறப்பைப் பற்றிக் கொஞ்சம். அது போர்க்கலையாகப் பிறந்தது. சீனாவின் ஹெனான் மாகாணத்தில் உள்ள சென் குலத்தாரின் கிராமத்தில், 17-ஆம் நூற்றாண்டில் உருவானதாக வரலாற்றாசிரியர்கள் பலர் கருதுகிறார்கள். 19-ஆம் நூற்றாண்டில் யாங் லூசான் அங்கே கற்று, பெய்ஜிங்குக்குக் கொண்டுபோனார். அவருடைய பேரன் யாங் செங்ஃபூ துள்ளலையும் உதைகளின் வேகத்தையும் குறைத்து, நிதானமான, விரிந்த அசைவுகளாக அதை மாற்றினார். 1956-இல் சீன அரசின் விளையாட்டுத் துறை அதிலிருந்து 24 அசைவுகளைத் தேர்ந்தெடுத்து ஓர் எளிய வரிசையை வகுத்தது. ஐந்தாறு நிமிடத்தில் முடிந்துவிடும் வரிசை அது. இன்று பூங்காக்களில் நாம் பார்ப்பதும், பல ஆய்வுகளில் பயன்பட்டதும் அதுதான். ஆதிகால ரகசியம் என்று விளம்பரம் செய்யப்படும் ஒரு பயிற்சியின் மிகப் பரவலான வடிவம், அரசுக் குழு ஒன்று கூடி முடிவு செய்த பாடத்திட்டம்! 2020-இல் யுனெஸ்கோ இந்தக் கலையை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

‘ஏழாம் அறிவு’ திரைப்படத்தைப் பார்த்தவர்களுக்குப் போதிதர்மர் நினைவு வரக்கூடும். அவரைப் பற்றிய கதைகள் ஷாவோலின் மடத்தைச் சேர்ந்தவை. தாய்ச்சிக்கும் அவருக்கும் தொடர்பு காட்டும் சான்று எதுவும் இல்லை.

சரி, அந்த அசைவுகளில் அப்படி என்னதான் இருக்கிறது? ‘மேகக் கைகள்’ என்று ஓர் அசைவு உண்டு. கால்களைத் தோள் அகலத்துக்கு வைத்து, முழங்காலை லேசாக மடக்கி நிற்க வேண்டும். உடல் எடை முழுவதையும் இடது காலுக்கு மெல்லக் கொண்டுபோக வேண்டும். அந்தக் காலில் எடை முழுதாக இறங்கிய பிறகுதான் வலது கால் தரையை விட்டு எழும்பலாம். எழும்பிய கால் பக்கவாட்டில் சென்று, பெருவிரல் பக்கம் முதலில் தரையைத் தொட்டு, பிறகு பாதம் முழுவதும் படிந்து, அதன் பிறகே எடையை வாங்கிக்கொள்ளும். இதற்கிடையே இடுப்பு திரும்புகிறது, ஒரு கை முகத்தின் முன்னாலும் மற்றது வயிற்றின் முன்னாலும் வட்டமிடுகின்றன, கண் மேல் கையைத் தொடர்கிறது. மூச்சு இழுபடாமல் ஓட வேண்டும். இவ்வளவையும் ஒரே சீரான வேகத்தில், எங்கேயும் நிற்காமல் செய்ய வேண்டும்.

வேகமாகச் செய்தால் இது எளிது. உந்துவிசை நம்மைத் தூக்கிக்கொண்டு போய்விடும். மெதுவாகச் செய்யும்போது ஒவ்வொரு கணமும் தொடைத் தசையும் கணுக்காலும் கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வயதானவர்கள் பெரும்பாலும் விழுவது இந்த இடத்தில்தான்: எடை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறும் நேரம், திரும்பும் நேரம், கை ஒரு வேலையும் கால் ஒரு வேலையும் செய்யும் நேரம். தாய்ச்சி அந்த ஆபத்தான கணங்களை எடுத்து நீட்டி, பாதுகாப்பான சூழலில் நூறு முறை செய்ய வைக்கிறது. ‘சீ’ என்ற உயிர்ச்சக்தி நாடிகளில் ஓடுகிறது என்ற சீன மரபு விளக்கத்தை ஏற்றாலும் மறுத்தாலும், இந்த விளக்கத்துக்கு எலும்பும் தசையும் நரம்பும் போதும்.

முதியோர் விழுவதை அற்பமாக நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. உலகில் ஆண்டுக்கு சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்து இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. எதிர்பாராத காயங்களால் நிகழும் மரணங்களில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்கு.

ஆகவே அட்லாண்டாவின் முடிவு பலரை உற்சாகப்படுத்தியதில் வியப்பில்லை. ஆனால் அடுத்து வந்தவை எல்லாம் அதே பாட்டைப் பாடவில்லை. உல்ஃப் குழுவே 2003-இல், ஏற்கெனவே தளர்ந்துபோன முதியவர்களைக் கொண்டு 48 வாரம் பெரிய அளவில் செய்த ஆய்வில், விழுதல் சற்றுக் குறைந்ததே தவிர, புள்ளியியல் ரீதியாக உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. 2009-இல் நெதர்லாந்தில் 269 பேரிடம் 13 வாரம் தாய்ச்சி கற்பித்துப் பார்த்தார்கள். பயன் எதுவும் தெரியவில்லை. உடல் மிகவும் தளர்ந்த பிறகு தொடங்குவதும், மூன்று மாதத்தில் முடித்துக்கொள்வதும் போதாது என்பது இந்த இரண்டிலிருந்தும் எடுத்துக்கொள்ளக்கூடிய நியாயமான ஊகம்.

2012-இல் நியூசிலாந்திலிருந்து வந்த ஆய்வு இன்னும் சுவையானது. 684 பேர். ஒரு பிரிவுக்கு வாரம் ஒரு தாய்ச்சி வகுப்பு, இன்னொரு பிரிவுக்கு இரண்டு வகுப்பு, மூன்றாவது பிரிவுக்கு உட்கார்ந்தபடி கை கால் நீட்டும் இலகுவான பயிற்சி. பிரிவுகளுக்கு இடையே விழுதலில் வித்தியாசமே இல்லை. மூன்று பிரிவுகளையும் சேர்த்துப் பார்த்தால் விழும் எண்ணிக்கை சராசரியாக 58 சதவீதம் குறைந்திருந்தது. இதைத் தாய்ச்சியின் தோல்வி என்று படிக்கலாம். வாரம் ஒரு முறை வீட்டை விட்டு வெளியே வந்து, பத்துப் பேரோடு சேர்ந்து, உடம்பைப் பற்றி யோசிக்க வைக்கும் எதுவும் வேலை செய்கிறது என்றும் படிக்கலாம். எதிரே யாரை நிறுத்தினாலும் அவரும் கொஞ்சம் தேறிவிடுகிறார் என்பது உடற்பயிற்சி ஆய்வுகளில் எப்போதும் இருக்கும் தலைவலி.

அப்படியும் வலுவான எதிராளிகளை நிறுத்திய ஒருவர் இருக்கிறார். ஒரேகான் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த ஃபூசோங் லீ. தாய்ச்சியின் அழகைக் காப்பாற்றுவதை அவர் முக்கியமாக நினைக்கவில்லை. விழாமல் இருக்க எந்த அசைவு உதவும் என்று பார்த்து, எட்டு அசைவுகளைப் பொறுக்கி, அவற்றை உட்கார்ந்தும் நின்றும் செய்யும்படி சிகிச்சைப் பாடமாக மாற்றினார். 2018-இல் வெளியான ஆய்வில், ஒரேகானின் ஏழு நகரங்களில் 70 வயதைக் கடந்த 670 பேர் கலந்துகொண்டார்கள். எல்லோருமே முந்தைய ஆண்டில் விழுந்தவர்கள், அல்லது நடப்பதில் சிரமம் உள்ளவர்கள். ஒரு பிரிவுக்குத் தாய்ச்சி. இன்னொரு பிரிவுக்குச் சமநிலை, தசைவலிமை, நடை, நெகிழ்வு எல்லாம் சேர்ந்த கலவைப் பயிற்சி. மருத்துவர்கள் வழக்கமாகப் பரிந்துரைக்கும் ரகம் அது. சோப்ளாங்கி எதிராளி கிடையாது. மூன்றாவது பிரிவுக்கு உடலை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும். வாரம் இரண்டு வகுப்பு, 24 வாரம். ஆறு மாத முடிவில் நீட்டல் பயிற்சிக்காரர்கள் 363 முறை விழுந்திருந்தார்கள். கலவைப் பயிற்சிக்காரர்கள் 218 முறை. தாய்ச்சிக்காரர்கள் 152 முறை. கலவைப் பயிற்சியையே 31 சதவீதம் பின்தள்ளியது அந்த எட்டு அசைவு.

ஒரே ஆய்வை வைத்துக் கொடி ஏற்ற வேண்டியதில்லை. 2019-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கோக்ரேன் அமைப்பு 108 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தது. பொதுவாக உடற்பயிற்சி விழுதலை 23 சதவீதம் குறைப்பதாகவும், தாய்ச்சியை மட்டும் தனியே எடுத்தால் 19 சதவீதம் குறையக்கூடும் என்றும் சொன்னது. மற்ற நல்ல பயிற்சிகளின் வரிசையில் தாய்ச்சியும் நிற்கிறது. அவற்றுக்கு மேலே சிம்மாசனம் போட்டு உட்காரவில்லை. லீயின் ஆய்வு காட்டுவது, நோக்கத்துக்கு ஏற்ப வெட்டித் தைத்த தாய்ச்சி அந்த வரிசையில் முன்னால் வரக்கூடும் என்பதை.

பார்க்கின்சன் நோயில்தான் இந்தக் கதை உச்சத்துக்கு வருகிறது. மூளையில் டோபமைன் சுரக்கும் செல்கள் அழிவதால் கை நடுக்கம், தசை இறுக்கம், காலடி குறுகிப்போன நடை, பின்பக்கமாகச் சாய்ந்து விழுதல் என்று தொடரும் நோய் அது. நடுக்கத்துக்கும் இறுக்கத்துக்கும் மாத்திரை கேட்கிறது. சமநிலைக் குலைவுக்கு அவ்வளவாகக் கேட்பதில்லை. அந்த இடைவெளியைத்தான் லீ குறிவைத்தார்.

2012 பிப்ரவரியில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வந்த அவருடைய ஆய்வில் 195 நோயாளிகள் இருந்தார்கள். அவர்களைச் சோதித்த விதத்தைப் பார்க்க வேண்டும். நோயாளி ஓர் அளவுமேடையில் நிற்கிறார். எதிரே திரையில் அவருடைய உடல்எடை மையம் ஒரு புள்ளியாகத் தெரிகிறது. சுற்றிலும் எட்டுத் திசைகளில் இலக்குகள். பாதத்தை நகர்த்தாமல், கணுக்காலிலிருந்து உடலைச் சாய்த்து, அந்தப் புள்ளியை ஒவ்வொரு இலக்கை நோக்கியும் கொண்டுபோக வேண்டும். எவ்வளவு தூரம் சாய முடிகிறது, போகிற வழி நேராக இருக்கிறதா, அலைபாய்கிறதா என்று கருவி குறித்துக்கொள்ளும். முன்னால் சாய்வது பலருக்கும் முடியும். பின்னால் சாய்வதில்தான் பார்க்கின்சன் நோயாளிக்கு வேர்த்துவிடும்.

ஆறு மாதம், வாரம் இரண்டு வகுப்பு. தாய்ச்சிப் பிரிவினர் இந்தச் சோதனையின் இரண்டு அளவிலும், எடையோடு தசைவலுப் பயிற்சி செய்தவர்களையும் நீட்டல் பயிற்சிக்காரர்களையும் முந்தினார்கள். நடையில் காலடியின் நீளத்திலும் அப்படியே. விழுதலின் எண்ணிக்கையில் நீட்டல் பயிற்சியைத் தெளிவாக வென்றார்கள். தசைவலுப் பயிற்சியை வென்றதாக உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பயிற்சி முடிந்து மூன்று மாதம் கழித்தும் பலன் நீடித்தது. கவனிக்க வேண்டிய இன்னொன்று: இவர்கள் யாரும் மருந்தை நிறுத்தவில்லை.

2023-இல் ஷாங்காயின் ரூயிஜின் மருத்துவமனையிலிருந்து இன்னொரு செய்தி வந்தது. 147 பார்க்கின்சன் நோயாளிகள் ஆண்டுக்கணக்கில் வாரம் இருமுறை தாய்ச்சி பழகினார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற 187 பேரோடு அவர்களை ஒப்பிட்டார்கள். பழகியவர்களுக்கு நோய் மெதுவாகவே முற்றியது. மருந்தளவைக் கூட்ட வேண்டிய தேவையும் குறைவாக இருந்தது. நாளிதழ்கள் இதைப் பெரிதாகப் போட்டன. ஆனால் இதில் ஓர் ஓட்டை இருக்கிறது. யார் பழகுவது, யார் பழகாமல் இருப்பது என்பதைக் குலுக்கல் முறையில் பிரிக்கவில்லை. ஆண்டுக்கணக்கில் வாரந்தோறும் வகுப்புக்கு வர முடிகிறவர் முதலிலேயே கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கலாம். தாய்ச்சி நோயையே மந்தப்படுத்துகிறது என்று சொல்ல இது போதாது.

வலியின் பக்கம் திரும்பினால், அங்கே பெரிய பெயர் சென்சென் வாங். பாஸ்டனில் டஃப்ட்ஸ் மருத்துவ மையத்தைச் சேர்ந்த வாதநோய் மருத்துவர். உடம்பு முழுக்க வலி, தீராத அசதி, தூக்கம் கெடுதல், எந்த ஸ்கேனிலும் எதுவும் தெரியாமை என்று நோயாளியை அலைக்கழிக்கும் ஃபைப்ரோமயால்ஜியாவை அவர் எடுத்துக்கொண்டார். 2010-இல் வெளியான முதல் ஆய்வில் 66 பேர். நோயின் தாக்கத்தை 100 புள்ளிக்கு அளக்கும் வினாத்தாளில், 12 வாரத்தில் தாய்ச்சிப் பிரிவின் சராசரி 62.9-லிருந்து 35.1-க்கு இறங்கியது. உடல்நலப் பாடமும் நீட்டல் பயிற்சியும் பெற்ற பிரிவு 68.0-லிருந்து 58.6-க்குத்தான் வந்தது.

நம்ப முடியாத இறக்கம் என்று பலர் புருவம் உயர்த்தினார்கள். எதிராளி பலவீனம், ஆட்கள் குறைவு, ஒரே ஓர் ஆசிரியர். அவர் கைராசியோ என்னவோ! இந்த விமர்சனங்களுக்கு வாங் குழு 2018-இல் இன்னொரு ஆய்வால் பதில் சொன்னது. இந்த முறை 226 பேர். எதிரே நின்றது ஏரோபிக் பயிற்சி, அதாவது ஃபைப்ரோமயால்ஜியாவுக்கு அன்றைக்கு எல்லோரும் பரிந்துரைத்துவந்த மருந்தில்லாச் சிகிச்சை. ஆசிரியர்கள் மூன்று பேர். தாய்ச்சி ஏரோபிக்குக்குச் சமமாகவோ மேலாகவோ இருந்தது. ஆசிரியர் மாறியதால் பலன் மாறவில்லை. 12 வாரத்தைவிட 24 வாரம் பழகியவர்களுக்குக் கூடுதல் பயன். வாரம் இரண்டு முறை வந்தவர்கள் ஒரு முறை வந்தவர்களைவிடத் தனியாக எதுவும் சம்பாதிக்கவில்லை. இன்னொன்று, ஏரோபிக் வகுப்பைவிடத் தாய்ச்சி வகுப்புக்கு ஆட்கள் ஒழுங்காக வந்தார்கள். வலியோடு இருப்பவரிடம் ஓடு, குதி என்றால் இரண்டாம் வாரமே காணாமல் போய்விடுவார். இதைச் சின்ன விஷயம் என்று தள்ள முடியாது. நாள்பட்ட நோயில் சிகிச்சை தோற்பதற்குப் பாதிக் காரணம், அதை யாரும் தொடர்ந்து செய்யாததுதான்.

முழங்கால் மூட்டுத் தேய்மானத்திலும் இதே குழு இதே துணிச்சலோடு இறங்கியது. 2016-இல் 204 பேரைக் கொண்டு தாய்ச்சியைப் பிசியோதெரபியோடு மோதவிட்டார்கள். 12 வாரத்தில் வலியும் இறுக்கமும் இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவு குறைந்தன. மனச்சோர்வு குறைவதிலும், அன்றாட வாழ்க்கையின் தரத்திலும் தாய்ச்சிக்குச் சற்றே கூடுதல் மதிப்பெண். பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் ஒருவருக்கு ஒருவராக இருந்து தரும் சிகிச்சைக்குச் சமமாக, ஒரு கூடத்தில் கூட்டாகச் செய்யும் பயிற்சி நிற்கிறது என்றால் செலவுக் கணக்கில் அது பெரிய செய்தி. அமெரிக்க வாதநோய்க் கல்லூரி தன் 2019 வழிகாட்டியில் முழங்கால், இடுப்பு மூட்டுத் தேய்மானத்துக்குத் தாய்ச்சியை வலுவாகப் பரிந்துரைத்தது. இப்படி ஒரு மருத்துவ அமைப்பு வெளிப்படையாகச் சொல்வது அபூர்வம்.

இதற்கெல்லாம் முன்பே மூட்டுவலிக்காரர் ஒருவரே மூட்டுவலிக்கான தாய்ச்சியை வகுத்திருந்தார். வியட்நாமில் பிறந்து சீனாவில் வளர்ந்து சிட்னியில் குடும்ப மருத்துவராக இருந்த பால் லாம், இளம் வயதிலேயே மூட்டுத் தேய்மானத்தால் அவதிப்பட்டவர். 1997-இல் அவர் உருவாக்கிய பாடம், முழங்காலை அதிகம் மடக்காமல் நிமிர்ந்து நிற்கும் சுன் மரபை ஒட்டியது.

இனித் தோல்விகள்.

இதயம் பலவீனமாகி, ரத்தத்தைச் சரியாக வெளியேற்ற முடியாமல் போனவர்கள் 100 பேரை வைத்து ஹார்வர்டைச் சேர்ந்த குளோரியா யே 2011-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். 12 வாரத் தாய்ச்சிக்குப் பிறகு, ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது என்பதிலும், உடல் உச்சமாக எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்துகிறது என்பதிலும், பாடம் மட்டும் கேட்ட பிரிவோடு ஒப்பிட்டால் வித்தியாசம் இல்லை. இதயமும் நுரையீரலும் அதே திறனில்தான் இருந்தன. ஆனால் நோயாளிகளின் மனநிலையும், வாழ்க்கைத் தரமும், என்னால் முடியும் என்ற நம்பிக்கையும் தெளிவாக மேம்பட்டன. ஆறுதல்தானே என்று சிலர் உதறக்கூடும். மாடிப்படியைப் பார்த்தாலே நெஞ்சு படபடக்கும் ஒருவருக்கு அந்த ‘முடியும்’ சின்ன விஷயமாக இருக்காது.

சர்க்கரையில் தோல்வி இன்னும் நேரடியானது. 2008-இல் சிட்னியில் டைப் 2 சர்க்கரை நோய் உள்ள 38 முதியவர்களிடம் 16 வாரம் சோதித்தார்கள். இதில் எதிரே நிறுத்தப்பட்டது போலிப் பயிற்சி: உட்கார்ந்து செய்யும் இலகுவான அசைவுகள். எது உண்மையான சிகிச்சை என்று பங்கேற்பவர்களுக்குத் தெரியாது. ரத்தச் சர்க்கரையிலும் இன்சுலின் செயல்பாட்டிலும் தாய்ச்சி எந்த முன்னேற்றமும் தரவில்லை. அந்த ஆய்வுக் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவர் பால் லாம். தான் வகுத்த பாடமே தோற்றதைத் தன் பெயரோடு வெளியிட்டிருக்கிறார். சின்ன ஆய்வுதான், ஆனாலும் காரணத்தை ஊகிக்க முடிகிறது. தாய்ச்சியில் உடல் செலவிடும் ஆற்றல், ஓய்வாக இருக்கும்போது ஆவதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. சாதாரண நடையின் அளவு அது. சர்க்கரையைக் கரைக்க உடம்பு அதைவிடக் கொஞ்சம் வியர்க்க வேண்டும்.

அப்படியானால் ரத்த அழுத்தத்திலும் கை கொடுக்காது என்றுதான் எதிர்பார்ப்போம். அங்கே கணக்கு மாறியது. பெய்ஜிங்கில் பிரஷர் எல்லைக்கோட்டில் இருந்த 342 பேரை ஓராண்டு தொடர்ந்து கவனித்த ஆய்வு 2024-இல் வெளிவந்தது. ஒரு பிரிவுக்குத் தாய்ச்சி, மறு பிரிவுக்கு வேகநடை, சைக்கிள், மாடிப்படி ஏறுதல் போன்ற ஏரோபிக் பயிற்சிகள். இரண்டுக்கும் வாரம் நான்கு முறை, ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம். மேல் அழுத்தம் தாய்ச்சியில் 7.01 புள்ளியும் ஏரோபிக்கில் 4.61 புள்ளியும் குறைந்தது. ஏரோபிக்கைவிட உடல் குறைவாக உழைத்தும் அழுத்தம் அதிகமாக இறங்கியிருக்கிறது. மூச்சும் மன அமைதியும் நரம்பு மண்டலத்தின் முறுக்கைத் தளர்த்துகின்றன என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கங்களில் ஒன்று. வித்தியாசம் இரண்டரைப் புள்ளிக்கும் குறைவு என்பதையும், வாரம் நான்கு மணி நேரம் என்பது பலருக்குப் பெரிய ஒதுக்கீடு என்பதையும் மறக்கக் கூடாது.

மூச்சுத்திணறலோடு வாழும் சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு) நோயாளிகள் 120 பேரைக் கொண்டு சீனாவில் நடந்து 2018-இல் வெளியான ஆய்வும் இதே வகை. எதிரே நின்றது நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி. இந்த நோய்க்கு மருத்துவ உலகம் அங்கீகரித்த தரமான சிகிச்சை. 12 வார முடிவில் இரண்டும் சமம். பயிற்சி முடிந்து மேலும் 12 வாரம் கழித்து அளந்தபோது தாய்ச்சிப் பிரிவு சற்று முன்னால் இருந்தது. மறுவாழ்வுப் பயிற்சிக்குக் கருவிகளும் மையமும் வேண்டும். தாய்ச்சியை வீட்டு முற்றத்திலேயே தொடரலாம். இந்த வித்தியாசத்துக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். தூக்கமின்மையிலும் ஒரு சமநிலை ஆட்டம் உண்டு: மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட 90 பெண்களிடம் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் இர்வின் நடத்தி 2017-இல் வெளியிட்ட ஆய்வில், தூக்கத்துக்கான சிறந்த உளவியல் சிகிச்சைக்குத் தாய்ச்சி குறைந்துபோகவில்லை.

இந்த எல்லா ஆய்வுகளின் மீதும் ஒரு பொதுச் சந்தேகம் படிந்திருக்கிறது. மாத்திரைக்குப் போலி மாத்திரை உண்டு. தாய்ச்சி செய்கிறோம் என்று தெரியாமல் ஒருவரைத் தாய்ச்சி செய்ய வைப்பது எப்படி? சிட்னியில் முயன்றார்கள், பெரும்பாலான இடங்களில் அது நடக்கிற காரியமில்லை. கீழை நாட்டுக் கலை, அன்பான ஆசிரியர், கூட்டம், மெல்லிசை எல்லாம் சேர்ந்து எதிர்பார்ப்பைத் தூக்கிவிடும். வலி, மனநிலை, தூக்கம் என்று நோயாளியே சொல்லித் தெரிய வேண்டிய அளவுகளில் இந்த எதிர்பார்ப்பு புகுந்துகொள்ளும். விழுந்தது எத்தனை முறை, மேல் அழுத்தம் எவ்வளவு என்ற கணக்குகளில் அது புகுவது கடினம். அதனால்தான் விழுதல் பற்றிய எண்களும் பார்க்கின்சன் மேடை அளவுகளும் கூடுதல் மதிப்பு பெறுகின்றன.

பாதுகாப்பு பற்றிக் கேட்டால், ஆய்வுகளில் பதிவானவை பெரும்பாலும் முழங்கால் வலி, இடுப்பு வலி போன்ற சில்லறைத் தொல்லைகள். ஆனால் பல ஆய்வுகள் பக்கவிளைவை ஒழுங்காகக் கணக்கெடுக்கவே இல்லை. மென்மையான பயிற்சி என்பதற்காக ஆபத்தே இல்லாத பயிற்சி என்று எடுத்துக்கொள்ள முடியாது. எடை முழுவதும் ஒரு காலில் இருக்கும்போது அந்த முழங்காலைத் திருகுவதுதான் புதிதாகக் கற்பவர்கள் செய்யும் பெரிய தவறு. முழங்கால் எப்போதும் பாதம் காட்டும் திசையிலேயே இருக்க வேண்டும், பெருவிரலைத் தாண்டி முன்னால் போகக் கூடாது. ஆழமாக உட்கார்ந்து செய்யும் பாணி பார்க்க அழகாக இருக்கும். தேய்ந்த மூட்டுக்கு அது ஆகாது. தடுமாற்றம் உள்ளவர்கள் முதுகுப்பகுதி உள்ள நாற்காலி ஒன்றைக் கைக்கெட்டும் தூரத்தில் போட்டுக்கொண்டு, வழுக்காத தரையில் தொடங்குவது நல்லது.

நல்ல தாய்ச்சி ஆசிரியர் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. கிடைக்காவிட்டால் குடிமுழுகிப் போகாது. சமநிலையும் தசைவலுவும் சேர்ந்த எந்த நின்று செய்யும் பயிற்சியும் விழுதலைக் குறைக்கும் என்று கோக்ரேனின் 108 ஆய்வுகள் சொல்கின்றன. பிசியோதெரபிஸ்ட் ஒருவர் அதைக் கற்றுத் தருவார். கிடைத்தால், முழங்கால் தேய்மானம், ஃபைப்ரோமயால்ஜியா, ஆரம்ப அல்லது நடுக்கட்டப் பார்க்கின்சன், அடிக்கடி தடுமாற்றம் ஆகியவை உள்ளவர்கள் தயங்காமல் சேரலாம். பிரஷர் எல்லைக்கோட்டில் இருப்பவர்களும் சேரலாம். சர்க்கரை உள்ளவர்கள் தாய்ச்சிக்காக வேகநடையை விட்டுவிடக் கூடாது. இதய நோயாளிகள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும். மூச்சும் நடையும் அதனாலேயே சீராகிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

வாரம் இரண்டு வகுப்பு, குறைந்தது ஆறு மாதம். பலன் தெளிவாகத் தெரிந்த லீயின் இரண்டு ஆய்வுகளிலும் இதை ஒட்டித்தான் பயிற்சி நடந்தது. ஒரு மாதத்தில் பலன் தெரியவில்லை என்று விடுவதற்கு இது கஷாயம் அல்ல. ஆசிரியர் யாராவது, இனி மாத்திரை தேவையில்லை, நிறுத்திவிடுங்கள் என்று சொன்னால், அன்றைக்கே வேறு ஆசிரியரைத் தேடுங்கள்.